மதராஸ் பி.எஸ்ஸி.

"மதராஸ் பி.எஸ்ஸி., ரசாயனம், முதல் வகுப்பு. உங்கட பட்டத்தில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, பிள்ளை."

சற்குணம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எட்டு மாதமாக வேலை தேடி மலாக்காவில் எத்தனையோ மாடிப்படி ஏறி இறங்கிவிட்டாள். இப்படிச் சொன்ன முதல் அதிகாரி இவர்தான்.

"அதிகாரி ஜெயரட்ணமாம். எங்கட ஊர் ஆள்தான். போனதும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிக்காதே. வாயைத் திறந்து கதை" என்று அப்பா காதில் ஓதித்தான் உள்ளே அனுப்பியிருந்தார். ரெம்பியாப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் அவர், மகளுக்காக லீவு எடுத்துக்கொண்டு வந்து வெளியே பெஞ்சில் காத்திருந்தார்.

கடற்கரைச் சாலையில் பெயர்ப்பலகை இல்லாத பங்களா அது. 'உங்கள் மனு தொடர்பாகச் சான்றிதழோடு வரவும்' என்று இரண்டே வரியில் அழைப்பு வந்திருந்தது. வாசலில் துப்பாக்கிக்காரன் நின்றான். இந்த அவசரகாலத்தில் துப்பாக்கி நிற்காத வாசல் எது? வரும் வழியில் பஸ்ஸை இரண்டு இடத்தில் நிறுத்திச் சோதித்தார்கள். காட்டுக்குள் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று, பட்டச் சான்றிதழைச் சுருட்டி வைத்திருந்த தகரக் குழாயைக்கூட ஒரு சிப்பாய் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான்.

"அப்ப கல்வி ஆபீஸ்ல மட்டும் ஏன் சார் மாட்டமெண்டு சொன்னவை?"

"என்ன சொன்னவை?"

கைப்பைக்குள் அந்த ஆபீஸ் அனுப்பிய மறுப்புக் கடிதம் இருந்தது. அதை எடுக்கவே கூசியது. எடுக்கத் தேவையும் இல்லை, மனப்பாடமாகத் தெரியும்.

"மதராஸ் பட்டம் இங்கத்தைப் பட்டத்துக்குச் சமமில்லையாம். என்னைப் பட்டதாரியாகக் கருத ஏலாதாம். வேணுமெண்டால் சின்னப் பிள்ளைகளுக்குத் தையல் பழக்கலாமாம்."

அவள் கேட்டது பெரிய பதவி இல்லை. பெண்கள் பள்ளி ஒன்றில் ரசாயன ஆசிரியை வேலை. ஆளில்லாமல் அங்கே சோதனைச்சாலையைப் பூட்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கடைசியில் லண்டனில் படிப்பைப் பாதியில் விட்டுவந்த ஒருவரைப் போட்டார்கள். முழுதாக முடித்த அவளுக்கு ஊசியும் நூலும்!

அந்த ஆபீஸ் பியூன் முனுசாமி ஆறுதல் சொன்னவிதம் இன்னும் எரிந்தது. "டிகிரி நல்ல டிகிரிதான்லா தங்கச்சி. ஆனா இங்க விலைபோகாது. மதராஸ்லேர்ந்து சேலை கொண்டாந்திருந்தா நானே ரெண்டு எடுத்திருப்பேன்."

மூன்று வருடம். கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே போன பயணம். அமிலம் தெறித்து ஓட்டை விழுந்த நான்கு சேலைகள். இன்றைக்கும் நகத்தோரம் மறையாத மஞ்சள் கறை.

"கந்தக அமிலம் மதராஸில ஒரு மாதிரியும் மலாக்காவில வேற மாதிரியுமா சார் சுடுது?"

குரல் உயர்ந்துவிட்டது. தனக்கு இப்படிப் பேச வரும் என்று அவளுக்கே தெரியாது.

ஜெயரட்ணம் சிரித்தார். "எங்கயும் ஒரே மாதிரித்தான் சுடும்."

அவள் மேலிடத்துக்கு அனுப்பிய மனு அவர் முன்னால் கிடந்தது. பல வரிகளின் கீழே சிவப்பு மையில் கோடு. இத்தனை கவனமாக அதை யாரும் படித்ததில்லை.

"சோதனைச்சாலை இல்லாவிட்டாலும் சமாளிப்பன் எண்டு எழுதியிருக்கிறீங்கள். எப்படி?"

"ரப்பர்ப் பாலை உறைய வைக்கிற ஆசிட் ஸ்டோரில இருக்கு சார். உரக் கொட்டகையில உப்பு வகைகள் இருக்கு. நாலு காலிப் போத்தல் கிடைச்சால் போதும். அரை வருசப் பாடத்தையும் தோட்டத்துக்குள்ளேயே செய்து காட்டுவன்."

"கெட்டிக்காரி. ஆருக்காவது செய்து காட்டியிருக்கிறீங்களோ?"

"ஞாயிற்றுக்கிழமையில லயத்து வீடுகளில இருக்கிற தொழிலாளர் பிள்ளைகள் ஆறு பேர் வருவினம் சார். இருசம்மாள், சுப்பம்மா..."

ஆறு பெயரையும் அவர் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். அனுபவத்துக்கு அத்தாட்சியாக இருக்கும் என்று அவள் நினைத்தாள்.

"லண்டனில படிச்சவனும் இப்படிச் செய்வானோ தெரியாது" என்றபடி ஒரு தாளில் மேலும் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார்.

அவளுக்குக் கண் கலங்கியது. அப்பாவிடம் முதலில் என்ன சொல்வது? திரும்பும் வழியில் அந்த ஆபீஸ் மாடிக்கு ஒரு தடவை ஏற வேண்டும். இந்தத் தாளை அந்த மேசையில் போட்டு, நன்றாகப் படியுங்கள் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். முனுசாமியும் பார்க்க வேண்டும்.

"எந்தப் பள்ளிக்கூடம் சார்?"

"பள்ளிக்கூடமோ?" அவர் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

தலைப்பில் போலீஸ் முத்திரை இருந்தது. 'மேற்படி நபர் ரசாயனப் பட்டதாரி. கையில் கிடைக்கும் பொருளைக் கொண்டு வெடிமருந்து தயாரிக்கக்கூடிய அறிவுள்ளவர். ஆகவே மறு உத்தரவு வரை காவலில் வைக்கப்படுகிறார். இவரிடம் பயின்ற ஆறு பேரும் விசாரிக்கப்படுவர்.'

சற்குணம் கைப்பையைத் திறந்து, எடுக்கவே கூசிய அந்தக் கடிதத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"சார், நான் பட்டதாரியே இல்லை சார்! இந்தாங்கோ, கவர்மெண்டே எழுதித் தந்திருக்கு!"

ஜெயரட்ணம் அதை முழுக்க வாசித்தார். பிறகு பத்திரமாக மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அந்தப் பட்டம் படிப்பிக்கத்தான் போதாது, பிள்ளை. பூட்டி வைக்கப் போதும்."