கழுத்துப்பட்டையின் உள்பக்கம்

"ஹொரஸ், ஈனாக் செஞ்ச வெள்ளிப்பட்டைய நீயே ஜாடியில ஒட்டிடுப்பா. வேற எதையும் தொட்டுத் தொலைக்காத. அது அவன் வேலை."

முதலாளி இதைப் பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

ஈனாக் காலையில் அமிலத் தொட்டியில் கையைச் சுட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். ஜாடியோ மாலை ரயிலில் லண்டன் கண்காட்சிக்குப் போக வேண்டும்.

பச்சைக் கண்ணாடி ஒயின் ஜாடி. அதன் கழுத்துக்கு அவன் செய்திருந்த வெள்ளிப்பட்டையில் அல்லித்தண்டுகள் வளைந்து ஏறி, கைப்பிடியாகி, மூடியில் மொட்டாக முடிந்தன. எங்கே பற்றவைத்தான் என்று எனக்கே தெரியவில்லை.

வயிறு எரிந்தது.

பர்மிங்ஹாமில் எந்த ஜாடியிலும் வெளிப்பக்கம் ஊரின் தரச்சான்றான நங்கூர முத்திரையும் முதலாளியின் பெயரெழுத்துகளும்தான். செய்தவன் பெயர் கிடையாது. அதனால், பட்டையைக் கண்ணாடியோடு ஒட்டும் பிளாஸ்டர் மூடப்போகும் உள்பக்கத்தில் நாங்கள் எதையாவது கீறி வைப்போம். மனைவி பெயர், ஜெயித்த குதிரை, முதலாளிக்கு ஒரு வசவு. ஜாடி உடைந்தால்தான் வெளியே தெரியும்.

பிளாஸ்டரைக் குழைத்து வைத்துவிட்டு ஊசியை எடுத்தேன். பட்டைக்குள் என் பெயரை ஆழமாகக் கீறினேன்: ஹொரஸ் டிபெட்ஸ்.

என்றாவது உடைந்தால், அல்லிகள் என்னுடையவை என்று நினைக்கட்டும். திருட்டுதான்.

தூளை ஊதிவிட்டு ஜன்னல் பக்கம் திருப்பினேன். என் பெயருக்கு நேர் மேலே, பாலீஷ் அழுக்கு அடைத்த எழுத்துகள். கட்டைவிரலால் துடைத்தேன்.

'டிபெட்ஸ் செய்திருந்தால் இதைவிட நன்றாக வந்திருக்கும்.'

ஈனாக்! பதினோரு வருடமாக எதிர் மேசையில் உட்கார்ந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவன். அவனுக்கும் என்னைப் பார்த்து எரிந்திருக்கிறது.

முதலாளியிடம் காட்டவேண்டும், பட்டறைக்கே காட்டவேண்டும் என்று துள்ளி எழுந்தேன்.

இரண்டடி வைத்தபின்தான் மறுபடி படித்தேன். ஊசியால் கீறினால் எல்லார் எழுத்தும் ஒரே கோணல்தான். மேலே அந்தப் புகழ்ச்சி. கீழே, கையெழுத்துப் போட்டதுபோல் என் பெயர்.

என் பெயரைச் சுரண்டி அழித்தால், மெல்லிய வெள்ளியில் அந்தத் தடம் வெளியே தெரிந்துவிடும்.

"என்னய்யா நிக்கிற? பிளாஸ்டர் இறுகிடப்போவுது!" என்றார் முதலாளி.

நானே ஊற்றி மூடினேன்.