முதல் சால்

அந்தச் சித்திரையில் ஆண்டின் முதல் உழவான நல்லேரன்று, வலங்கைமான் பக்கத்து வயலில் நான்கு பேர் இருந்தார்கள்: மிராசுதார் இராஜாங்கம், அவர் மனைவி அம்சவல்லி, தென்துருவத்தில் பனியை ஆராய்ந்துவிட்டுத் திரும்பியிருந்த மருமகன் காயாரோகணம், நில உச்சவரம்புச் சட்டத்தில் அந்த வயலைப் பெற்ற வீரையன்.

சட்டம் பட்டாவை மாற்றலாம், மரியாதையை மாற்ற முடியாது என்பது இராஜாங்கத்தின் எண்ணம். ஏர் பிடித்து முதல் சால் ஓட்டுவது தன் குடும்பத்து உரிமை என்று செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினார்.

மருமகன், துருவத்துப் பனியில் செருகிய வெப்பமானிக் கம்பியை மண்ணில் குத்தினான்.

"அங்க பனி உருகுது மாமா. கடல் ஏறினா நம்ம தண்ணியும் உப்பாயிடும்."

"கடல் ஏறுறது கெடக்கட்டும் மாப்பிள்ளை. நேத்து வரப்புல நின்னவன் இன்னிக்கு வயல்ல ஏறிட்டான். அதை அளக்குமா உங்க கம்பி?"

வீரையனின் காலடியில் கம்பி முப்பத்து நான்கு டிகிரி காட்டியது. இராஜாங்கத்தின் காலடியில் மைனஸ் முப்பத்தொன்று.

"சர்க்கார் சாமான்தானே," என்று அவர் சிரித்தார். "புத்தியைத் துருவத்துலயே விட்டுட்டு வந்திருக்கும்."

மருமகன் மறுபடியும் குத்திப் பார்த்தான். அதே எண்கள்தான்.

"ஏரைப் பிடிங்கய்யா, வெயில் ஏறுது," என்றான் வீரையன்.

இராஜாங்கம் கையை நீட்டினார். ஓரடி முன்னே வைத்தால் ஏர் எட்டும். அவர் வைக்கவில்லை. சற்று நேரம் காத்திருந்துவிட்டு, வீரையனே முதல் சாலை ஓட்டினான்.

வீரையனுக்குப் பயந்து அவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று ஊரில் பேசுகிறார்கள். அது பொய். அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய உள்ளங்கால்கள் இரண்டும் மண்ணோடு உறைந்து ஒட்டியிருந்தன. அம்சவல்லி வீட்டிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து ஊற்றிய பிறகுதான் அவை பெயர்ந்தன.