புஸ்வாணம் என்று முதலில் சொன்னது யார்?

இந்தக் காலத்தில் எவனுக்கும் சொந்த ஞாபகம் கிடையாது. எதற்கெடுத்தாலும், தெருவில் நடப்பதையெல்லாம் பதிந்து வைக்கும் விளக்குக் கம்பத்தைப் போய்க் கேட்கிறான்கள்.

காசிமேடே தன்னைப் 'புஸ்வாணம்' என்று கூப்பிடுவதற்கு ஏகாம்பரம்தான் காரணம் என்று, அவரோடு தேசப்பன் பேச்சை விட்டு முப்பது வருஷமாகிறது. இன்று ஏகாம்பரம் தடியூன்றி வந்து வழிமறித்தார்.

"தேசப்பா, நான் கண்ண மூடறதுக்குள்ள ஒரு தபா பேசிடுடா. அந்தப் பேர நானா வெச்சேன்? கம்பத்தையே கேளு."

கம்பம் பழைய பேச்சைத் தேடியெடுத்துப் படத்தோடு ஒலித்தது. கிளம்பாத படகு இன்ஜின் பக்கத்தில் இளவயசு தேசப்பனே சிரித்துக்கொண்டிருந்தான். "ஒரே இழுப்புல ஸ்டார்ட் பண்றேன்னு சவால் வுட்டேன். நானே புஸ்வாணமாயிட்டேன்டா, ஏகா!"

தேசப்பனுக்குக் காதெல்லாம் கொதித்தது.

"த்தூ! கம்பத்தையும் கைக்குள்ள போட்டுக்கினியா?"

ஏகாம்பரம் நீட்டிய கையைத் தட்டிவிட்டுத் தேசப்பன் விறுவிறுவென்று நடந்தார்.