தாங்குகிற வரிசை

"அக்கா, குடத்தைக் கீழ வைங்க! பாவம்னு தண்ணி ஊத்துனா என் ஆராய்ச்சியே பாழாப் போயிடும்."

"பச்சப் புள்ளைங்க மாதிரி நிக்குதும்மா. மனசு கேக்கல," என்றாள் வயல்வேலைக்கு வரும் அக்கா.

"வாடுறது வாடட்டும். தாங்குறதுதான் நமக்கு வேணும்," என்றாள் உதவி ஆராய்ச்சியாளர்.

சத்தில்லாத மண்ணில், வேண்டுமென்றே காயப்போட்ட மக்காச்சோள வயல் அது. ஒரே ஒரு வரிசைதான் இன்னும் பச்சை மாறாமல் நின்றது.

ஆராய்ச்சி நிலையத் தலைவர் அவளைக் கூப்பிடுவதாக ஆள் வந்தது. வேலை நிரந்தரமாகும் என்று காத்திருந்து அலுத்துப்போய், கூட இருந்த இருவரும் கழன்றுகொண்டார்கள். மிச்சம் இவள்தான். இன்றைக்காவது ஆணை கைக்கு வந்துவிடும் என்று புழுதிக் காலோடு ஓடினாள்.

"ஒரு வரிசை மட்டும் நிக்குதாமே?" என்றார் தலைவர்.

"ஜம்முனு நிக்குது சார்!"

"அடுத்த பருவத்துல அதை என்ன பண்ணுவோம்?"

"தண்ணியையும் உரத்தையும் இன்னும் குறைச்சுப் பார்ப்போம் சார்."

"கெட்டிக்காரி!"

சிரித்துக்கொண்டே இரண்டு சாவிக்கொத்துகளை அவள் பக்கம் தள்ளினார்.

"போன ரெண்டு பேரோட வயலையும் நாளையிலேருந்து நீயே பார்த்துக்கம்மா. நிரந்தரம் இந்த வருஷமும் இல்ல. ஆனா நீ தாங்குவே, எனக்குத் தெரியும்."

திரும்பி வந்தவள் அந்தப் பச்சை வரிசையின் முன்னால் போய் நின்றாள்.

"என்னம்மா, முகமெல்லாம் வாடிக் கெடக்கு?"

"அக்கா, அந்தக் குடத்தை இப்படிக் கொடுங்க."