தம்பி அனுப்பிய அறை

கிரேன் அறையைத் தூக்கியபோது மேஸ்திரி மனதுக்குள் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். ஒரு விரற்கடை தவற வேண்டும்.

அது பொருந்தாமல் அந்தரத்தில் தொங்க வேண்டும். எல்லாரும் பார்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரி வளாகத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. நர்சுகள், நோயாளிகளுக்குத் துணைக்கு வந்தவர்கள், அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்த டீக்கடைக்காரர். லாரியில் வந்திறங்கும் அறையை யார்தான் பார்த்திருக்கிறார்கள்?

வெறும் பெட்டி இல்லை. பெயின்ட் அடித்து, கட்டில் தலைமாட்டில் ஆக்சிஜன் குழாய் பொருத்தி, கைகழுவும் தொட்டிவரை தொழிற்சாலையிலேயே முடித்து அனுப்பியிருந்தான் அவர் தம்பி. ஜன்னலுக்குத் திரைகூடப் போட்டிருந்தான். அந்தத் திரைதான் மேஸ்திரியின் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

இதே ஆஸ்பத்திரியில் ஒரு மாடி எழுப்ப அவருக்கு இரண்டு வருஷம் பிடித்தது. மழை வந்தால் வேலை நின்றது. சுவரில் துளை போட்டால் நோயாளிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். தூசிக்குப் பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போட்ட டாக்டரிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் நின்றது.

தம்பியோ கையில் சிமென்ட் படாமல் வார்டு கட்டுகிறான்.

அம்மா பழைய வார்டில்தான் மூச்சிரைப்போடு படுத்திருந்தாள். புது அறையில் அவளுக்கும் ஒரு கட்டில் ஒதுக்கியிருந்தார்கள். நேற்று முழுக்க, வருகிற நர்சிடமெல்லாம் ஒரே பேச்சு.

"எங்க சின்னவன் ரூமையே லாரில அனுப்புறானாம். ஒரு பொட்டு தூசி இருக்காதாம்."

பக்கத்திலேயே ஆரஞ்சு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பெரிய மகனான மேஸ்திரி. அவர் கட்டிய கூரைக்குக் கீழேதான் அவள் படுத்திருந்தாள்.

அறை இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் நான்கு துளைகள். கீழே அஸ்திவாரத்தில் நான்கு போல்ட்டுகள். ஒன்று தப்பினாலும் அறை உட்காராது. தப்பினால் எல்லாரும் தம்பியைத்தான் கேட்பார்கள்.

மேஸ்திரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கொஞ்சம் இடதுபக்கம் போவதுபோலத் தெரிந்தது. நெஞ்சு குளிர்ந்தது.

ஆஸ்பத்திரி சூப்பர்வைசர் பதறிப்போய்த் தம்பியிடம் ஓடினார். கீழே இருக்கிற போல்ட்டுகளைக் கடைசியாக ஒருதரம் அளந்து பார்த்தாயிற்றா என்று கேட்டார்.

தம்பி அண்ணாந்து பார்த்தபடியே சொன்னான். "இல்லைங்க. நாங்க அங்க ரூம் செஞ்சுக்கிட்டிருந்தப்போ, இங்க அஸ்திவாரம் போட்டது எங்க அண்ணன். அதைப் போய் எதுக்கு அளக்கணும்?"

மேஸ்திரிக்கு மேலே தொங்குவது மறந்துபோனது. கீழே நின்ற போல்ட்டுகள் மட்டும் தெரிந்தன. ஒவ்வொன்றையும் நூல் பிடித்து நட்டது நன்றாக நினைவிருந்தது. ஆனாலும் நான்கையும் மறுபடி கண்ணாலேயே அளந்தார்.

யாரும் கூப்பிடாமலே போய், அறையைத் திருப்பும் கயிற்றைப் பிடித்து வலதுபக்கம் இழுத்தார்.

அறை சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

கூட்டம் தம்பியைப் பார்த்துக் கைதட்டியது. மேஸ்திரி மண்டியிட்டு, முதல் நட்டை முறுக்கத் தொடங்கினார்.