திரும்பி வந்த பெட்டி

“கையெழுத்து வைக்காதை, நிமலினி. சுங்க வரி எண்டு அதுவும் உன்ர தலையிலதான் விழும். வேண்டாமெண்டு திருப்பி அனுப்பு” என்றான் அண்ணன் கிறிஸ்ரி.

தபால்காரர் தம்பிஐயா பெட்டியைக் கதிரையில் வைத்துவிட்டு அண்ணனையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். ஜேர்மனியில் விமானமேறி, குறிகட்டுவானில் படகேறி, நெடுந்தீவு வந்து சேர்ந்த பெட்டி அது. அனுப்பியவனின் பெயரை நிமலினி இரண்டு தரம் வாசித்தாள்.

அவன்தான் அந்தக் கள்ளன்.

புங்குடுதீவில் வீடு விற்றுவிட்டு வெளிநாடு போகிறவர்களிடம் பழைய மணிக்கூடு, றேடியோ என்று வாங்கி இணையத்தில் விற்பது நிமலினியின் தொழில். இந்த முறை ஒரு பழைய ஜேர்மன் கமரா அகப்பட்டது. கையில் காசு போதவில்லை. தாலிக்கொடியை அடைவு வைத்து அதை வாங்கினாள்.

அதை இணையத்தில் கேட்ட ஜேர்மன்காரன் தேன் ஒழுக எழுதினான். செத்துப்போன தன் தகப்பனிடமும் இதே கமரா இருந்ததாம். எத்தனையோ வருடமாகத் தேடுகிறானாம். அனுப்பும் கூலி கமரா விலையில் பாதியாக வந்தபோதுகூட முகம் சுளிக்காமல் கட்டினான். அதை வாசித்து நிமலினி ஒரு பாட்டம் அழுதாள். நல்ல மனுசன் என்று நம்பினாள்.

பெட்டி கைக்குப் போன அன்றே முறைப்பாடு வந்தது. உள்ளே கமரா இல்லையாம், ஒரு கல்தான் இருந்ததாம்.

கிறிஸ்ரி கொதித்துப்போனான். நிமலினி கட்டிக் கொடுக்கும் பெட்டிகளை யாழ்ப்பாணம் கொண்டுபோய் அனுப்பிவிட்டு வருகிறவன் அவன். அதற்கென்று தங்கையிடம் ஒரு சதமும் வாங்கமாட்டான். இப்படியொரு அண்ணன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்கவேண்டும் என்று ஊரே சொல்லும். பெட்டியை அனுப்பிய பற்றுச்சீட்டை எடுத்து அவள் முன்னால் போட்டான். வீட்டில் நிறுத்த நிறையும் அதிலிருந்த நிறையும் ஒன்றுதான்.

“கமராவை எடுத்து வைச்சுக்கொண்டு கல்லுக் கதை விடுறான். வெள்ளைக்காரன் எண்டால் களவெடுக்கமாட்டான் எண்டு நினைச்சியே?” என்று கேட்டான்.

அவள் வாதாடிப் பார்த்தாள். விற்பனைத் தளத்துக்காரர்கள் வாங்கியவன் பக்கமே நின்றார்கள். அனுப்பிய கூலியோடு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுக்காவிட்டால் அவளுடைய கடையை மூடிவிடுவோம் என்றார்கள். கொடுத்தாள். தாலிக்கொடி அடைவிலேயே கிடந்தது. வெறுங்கழுத்தோடு பூசைக்குப் போக வெட்கப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். காசு போனதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். செத்த தகப்பனை இழுத்து ஒருவன் பொய் சொன்னதையும், அதற்குத் தான் கண்ணீர் விட்டதையும்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

பெட்டிமேல் ஒட்டியிருந்த சுங்கச் சீட்டின்படி, இப்போது அவன் அந்தக் கல்லையே அனுப்பியிருக்கிறான். அதுவும் தன் கைக்காசைச் செலவழித்து.

“நக்கலடிக்கிறான். கொண்டுபோய்க் கடலுக்கை எறிஞ்சுபோட்டு வாறன், விடு” என்று கிறிஸ்ரி பெட்டியைத் தூக்கப் போனான்.

நிமலினி விடவில்லை. விறுவிறென்று கையெழுத்தை வைத்தாள். ஏமாற்றியதும் போதாமல் எள்ளி நகையாடுகிறவனைச் சும்மா விடக்கூடாது, கல்லை வீடியோ எடுத்து இணையம் முழுக்கப் போட்டு அவன் மானத்தை வாங்கவேண்டும் என்றாள். கிறிஸ்ரி எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. போனை உயர்த்திப் பிடித்தாள்.

“ஐயா, நீங்கள்தான் சாட்சி. உங்கட கையாலயே திறவுங்கோ” என்றாள் தம்பிஐயாவிடம்.

அவர் பேனாக்கத்தியால் ஒட்டுநாடாவை அறுத்தார். சுற்றியிருந்த கடதாசியை விலக்கிக் கல்லைத் தூக்கினார். வெள்ளைக் கல். அதன்மேல் பூப்பூவாகப் பவளத்தின் கோலம். திருப்பித் திருப்பிப் பார்த்த தம்பிஐயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஏன் பிள்ளை, எங்கட நெடுந்தீவு மதில் கல்லையோ ஜேர்மனிக்கு அனுப்பினனீர்?”