ஊஞ்சலில் ஒரு மாமியார்

"என்னங்க, உங்கம்மாவுக்கு எந்த முழங்கால் வலிக்கும்? வலதா, இடதா? சீக்கிரம் சொல்லுங்க!"

லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்த கணவன், ஒரு காலில் ஷூவோடு நின்றான்.

"மருந்து வாங்கணுமா?"

"பதில் எழுதணும். இன்னிக்கு ஊஞ்சல்ல நான்தான்!"

"கடவுளே..." என்று அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். பாதி தைத்த நர்ஸ் கோட்டு தையல் மெஷினில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கவனமெல்லாம் போனில்.

விஷயம் இதுதான். கொஞ்ச நாளாகவே மாமியார் தன் அறையில் போனும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். இவள் உள்ளே போனால் போன் சட்டென்று தலையணைக்கு அடியில் போய்விடும். 'என் தலையைத்தான் எங்கேயோ போட்டு உருட்டறாங்க' என்று இவளுக்குச் சந்தேகம். எங்கெங்கோ தேடியதில் 'மாமியார்கள் மட்டும்' என்ற குழு அகப்பட்டது. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, பட்டப்பெயர்தான்; ஒருவரை ஒருவர் 'சம்பந்தி' என்று அழைத்துக்கொள்வார்கள். இவளும் 'மூட்டுவலி' என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டாள்.

புகுந்த அன்றே 'கண்ணாடிக்காரி' என்பவர்தான் தன் மாமியார் என்று முடிவும் கட்டிவிட்டாள். 'என் மருமகள் மத்தியானம் எழுந்துவிட்டு, விடியற்காலையில் எழுந்த மாதிரி கொட்டாவி விடுவாள்' என்று எழுதியிருந்தால் வேறு யாராக இருக்க முடியும்?

குழுவில் ஒரு வழக்கம். வாரம் ஒருவர் 'ஊஞ்சல்' ஏற வேண்டும். மற்றவர்கள் கேட்கிற குறும்புக் கேள்வி, அந்தரங்கக் கேள்வி எல்லாவற்றுக்கும் உடனுக்குடன் பதில் சொல்ல வேண்டும். முழித்தால் போலி என்று ஊரறிய வெளியே தள்ளிவிடுவார்கள். குட்டு உடைந்து மாமியாருக்கும் தெரிந்துவிட்டால், ஒரே வீட்டில் எந்த முகத்தோடு நடமாடுவது? யோசித்துப் பொய் சொல்ல நேரம் இருக்காது என்பதால், எல்லா மாமியாரும் ஒரே மாதிரிதானே என்ற தைரியத்தில் தன் மாமியாரின் கதையையே தன் கதையாக எழுதிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

"இடது கால்" என்றான் கணவன். "மழை வந்தா ரெண்டும்."

அப்படியே எழுதினாள். அடுத்த கேள்வியை 'நீராவி' என்பவர் வீசினார்.

'சம்பந்தி, உங்க மருமகளை முதல்ல பார்த்தப்போ மனசுக்குள்ள என்ன நினைச்சீங்க? மறைக்காம சொல்லணும்!'

"அம்மாவா? 'இவ்வளவு ஒல்லியா இருக்காளே, ஃபேன் போட்டா பறந்துடுவா'ன்னாங்க."

"இதை இத்தனை நாளா எங்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க!"

"ஊஞ்சல் ஏறினது நீ. என்னை ஏன் தள்ளிவிடறே?"

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். குழுவே சிரித்து உருண்டது.

'மருமகளுக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சிருக்கற பொருள் எது சம்பந்தி?'

கணவன் தயங்கினான். "அரிசி டிரம்முக்குள்ள ஒரு பிஸ்கட் பாக்கெட்..."

"சர்க்கரை வியாதிக்காரங்க! அப்ப அலமாரியில இருந்த பிஸ்கட்டை எலி தின்னலையா?"

"நம்ம வீட்ல ஏது எலி?"

அதையும் எழுதினாள். இனி யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று தெம்பு வந்தது. அப்போது கண்ணாடிக்காரியே நேரடியாகக் கேட்டார்.

'சம்பந்தி, மருமகள் பக்கத்துல இல்லாதப்போ அவளைப் பத்தி யார்கிட்டயாவது பெருமையாப் பேசினது உண்டா?'

"இதுக்கு என்னத்தை எழுதறது? இல்லைன்னு போட்டுடவா?"

"உண்டே!" என்றான் அவன். "நீ தைச்சுக் கொடுத்த கைப்பையை பஸ்ல பக்கத்துல உட்கார்றவங்ககிட்ட எல்லாம் காட்டுவாங்க. 'என் மருமக கைவேலை, எந்தக் கடையிலயும் கிடைக்காது'ன்னு. எனக்கே கூச்சமா இருக்கும்."

"எங்கிட்ட 'ஜிப்பு கோணல்'னு சொன்னாங்களே!"

"உங்கிட்ட சொன்னா நீ தலைமேல ஏறி உட்கார்ந்துடுவியாம்."

அப்பேர்ப்பட்டவரை வேவு பார்க்கவா இப்படி வேஷம் கட்டினோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. கணவன் "வேணாம், வேணாம்" என்று தடுக்கத் தடுக்க, எழுதி அனுப்பிவிட்டாள்.

'எல்லாரும் மன்னிக்கணும். நான் மாமியார் இல்லை, மருமகள். என் அத்தை இங்க என்னைப் பத்தி என்ன பேசறாங்கன்னு பார்க்கத்தான் வந்தேன்.'

வெளியே தள்ளப் போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் வந்தது நீராவியின் பதில். 'நானும் அதுக்குத்தான் வந்தேன்.'

'நானும்' என்றார் கண்ணாடிக்காரி. 'அந்தக் கொட்டாவி விஷயம் என் மாமியார் என்னைச் சொல்றதுங்க. அதைத்தான் அப்படியே போட்டேன்.'

அப்புறம் மளமளவென்று 'நானும்', 'நானும்' என்று வந்து விழுந்தன. கடைசியில் குழுத் தலைவி எழுதினார்: 'நானும் மருமகள்தான். என் மாமியார் வந்து மாட்டுவாங்கன்னுதான் இந்தக் குழுவையே ஆரம்பிச்சேன்.'

ஆக, குழுவில் மருந்துக்குக்கூட ஒரு மாமியார் கிடையாது!

கணவன் தலையைச் சொறிந்தான். "அப்ப எங்கம்மா எந்தக் குழுவுலதான் இருக்காங்க?"

பக்கத்து அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே மாமியார் போனை வாயருகே வைத்துக்கொண்டு, புதுப்பெண் மாதிரி குரலை மாற்றிக் கொஞ்சிக் கொஞ்சிப் பேசிக்கொண்டிருந்தார்.

"நம்ம மருமகள்கள் சங்கத் தோழிங்க எல்லாருக்கும் வணக்கம்ப்பா! என் மாமியார் எப்படின்னுதானே கேட்டீங்க? சொக்கத் தங்கம்டி அவங்க! எனக்குத்தான் கொஞ்சம் வாய் நீளம்."